பெண்பிள்ளைகள் லக்ராஸ் கிளப்பின் நோக்க அறிக்கையில் எதை எழுதுவது?

கேள்வி: நெய்தல் (மேரிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பால்டிமோருக்கு மேற்கே வசிக்கிறோம். என் மகளுக்கு 11 வயது. மூன்று ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் லக்ராஸ் கிளப்பில் ஆடிவருகிறாள். மேரிலாந்தில் லக்ராஸ் என்றால் அறிமுகம் தேவையில்லை. 2004 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் குழு விளையாட்டே அதுதான். (குழு என்ற சொல் இல்லாமல் வெறும் மாநில விளையாட்டு என்று கேட்டால், குதிரையேறி ஈட்டி பிடிக்கும் ஜௌஸ்டிங் என்று பதில் வரும். அது வேறு கதை.) நான் கோவில்பட்டிக்காரி, ஹாக்கி மட்டை பழகிய கை. பந்தைப் பிடிக்கவும் எறியவும் கோல் போடவும் நுனியில் வலைப்பை கட்டிய இந்த மட்டை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மகள் மாலைதோறும் கராஜ் சுவரில் பந்தை எறிந்து பிடிக்கும் சத்தத்தைக் கேட்டே நான் இந்த ஆட்டத்தைக் கற்றேன் என்று சொல்லலாம்.

கடந்த ஆண்டு நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேடியபோது வேறு எவரும் கை உயர்த்தாததால் நான் செயலாளரானேன். இப்போது கிளப்பின் நோக்கத்தையும் விழுமியங்களையும் புதிதாக எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய அறிக்கையில் நான்கு சொற்கள் இருக்கின்றன: மேன்மை, ஒழுக்கம், குழு உணர்வு, தலைமைப் பண்பு. பெயரை மாற்றிவிட்டால் ஒரு நீச்சல் கிளப்போ சதுரங்க வகுப்போ அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

குழுவுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. பிள்ளைகளைக் கல்லூரி அணிகளின் கண்ணில் படும்படி வளர்ப்பதே கிளப்பின் வேலை என்கிறார் ஒருவர். பள்ளிக்கூடம் முடியும்வரை எந்தப் பெண்ணும் மட்டையைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொள்வதே வேலை என்கிறார் இன்னொருவர். சென்ற வசந்தகாலத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்த ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடமும் நான்கு சிறுமிகள் களத்தில் இறக்கப்படாமலே கோட்டருகே நின்றார்கள். அன்று மாலை வந்த மின்னஞ்சல்களில் இரு தரப்பாரும் அதே நான்கு சொற்களையே தமக்குச் சாதகமாகக் காட்டினார்கள். வெறும் அலங்காரமாக நிற்காமல், அப்படியொரு நாளில் விடை சொல்லக்கூடிய அறிக்கையை எழுதிப் பார்த்தவர்கள் இருந்தால் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.

---

பதில் 1: வலைப்பை (நியூ ஜெர்சி)

வணக்கம் சகோதரி. நான் ஒன்பது ஆண்டுகளாக 10, 12 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குத் தன்னார்வப் பயிற்சியாளராக இருக்கிறேன். விழுமியங்களை அகராதியிலிருந்து பொறுக்கி எடுக்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை, ஏனென்றால் பெண்கள் லக்ராஸின் விதிகளுக்குள்ளேயே அவை எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

ஆண்கள் ஆட்டத்தில் தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து உடலால் மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் கோலி (கோல் காப்பவர்) நீங்கலாக மற்றவர்களுக்குக் கட்டாயமானவை கண் கவசமும் வாய்க் காப்பும்தான். மென்மையான தலையணி பெரும்பாலான இடங்களில் அவரவர் விருப்பம், பள்ளி ஆட்டங்களில் அதைக் கட்டாயமாக்கிய புளோரிடா போன்ற மாநிலங்கள் விதிவிலக்கு. உடல் மோதலுக்கு இடமே இல்லை. 10 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மட்டையால் மட்டையைத் தட்டிப் பந்தை விழவைக்கவும் அனுமதியில்லை. பெண்கள் மட்டையின் வலைப்பை ஆழமற்றது. உள்ளே கிடக்கும் பந்தின் மேல்விளிம்பு பக்கச் சட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். ஆகவே பந்தைப் பையில் போட்டுக்கொண்டு தனியாளாக முட்டி மோதிக் கோலுக்கு ஓடுவது கடினம். மணிக்கட்டை ஓயாமல் ஆட்டித் தொட்டில் போலப் பந்தைத் தாலாட்ட வேண்டும், அல்லது தோழிக்கு எறிந்துவிட வேண்டும். பந்தைப் பகிர்வது அங்கே நற்குணமாக இருப்பதற்கு முன்பே வலையின் ஆழம் விதித்த கட்டாயமாக இருக்கிறது.

புதிதாக வரும் பெற்றோருக்கு விளக்க நான் அதிக நேரம் செலவிடும் விதி ஒன்று உண்டு. கோலை நோக்கி எறியத் தயாராக நிற்பவளுக்கும் கோலுக்கும் இடையிலுள்ள வெளியில், யாரையும் நெருங்கிக் காக்காமல் ஒரு தற்காப்பு ஆட்டக்காரி சும்மா வந்து நின்றால், நடுவர் ஊதுவது அவள்மீதுதான். பந்தைத் தன் உடலால் தடுக்கத் துணிந்தவளை வேறு விளையாட்டாக இருந்தால் வீராங்கனை என்று கொண்டாடுவார்கள். இங்கே அது தவறு. உன் உடலை ஆபத்தில் நிறுத்தி அணியைக் காப்பாற்றாதே என்கிறது விதி. பத்து வயதுச் சிறுமிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் கிளப் தன் அறிக்கையில் பாதுகாப்பைப் பற்றி எழுத வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இனி உங்கள் நான்கு சிறுமிகளின் விஷயம். 12 வயதுவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொருத்தியும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருப்பாள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ‘நியாயமான வாய்ப்பு’ என்று எழுதினால் அந்த நியாயத்தை அளப்பவர் தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளராகவே இருப்பார். நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்; அந்த நேரத்தில் என் நியாயம் எவ்வளவு குறுகியது என்பது எனக்குத் தெரியும்.

களத்தின் ஓரத்தில் நிற்கும் பார்வையாளர்களையும் மறவாதீர்கள். சிறுவர் ஆட்டங்களில் ஊதல் பிடிப்பவர்கள் பல நேரங்களில் பள்ளி மாணவர்களே. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தவறாக ஊதினாள் என்பதற்காக நாற்பத்தைந்து வயது மனிதர் அவளைப் பார்த்துக் கத்தியதைக் கண்டிருக்கிறேன்; அடுத்த வாரம் அவள் வரவில்லை. பாசிடிவ் கோச்சிங் அலையன்ஸ் என்ற அமைப்பு 1998இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கப்பட்டது. விதிகள், எதிரணி, நடுவர், சக ஆட்டக்காரர், தான் என்ற ஐவகை மதிப்பை அவர்கள் முன்வைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெற்றோர் முதலில் மறப்பது மூன்றாவதை.

---

பதில் 2: ஹட்சன்கரை (நியூயார்க்)

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். 9 வயது முதல் 17 வயதுவரை லக்ராஸ் ஆடினாள், அதில் ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் செல்லும் ஒரு டிராவல் கிளப்பில். கிளப்பின் பெயர் வேண்டாம். அதன் இணையதள முகப்பில் ‘ஆட்டக்காரிக்கு முன் மனிதர்’ என்ற பொருளில் ஒரு வாசகம் பளபளக்கும். ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை விடிவதற்கு முன் புறப்பட்டு நான்கு மணி நேரம் காரோட்டிச் சென்றோம். மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அவள் களத்தில் இருந்தது ஆறு நிமிடம். திரும்பி வரும்போது கண் கவசத்தைக் கழற்றாமலே பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பதிந்த ரப்பர்த் தழும்பு இரவுச் சாப்பாட்டின்போதும் மறையவில்லை. அழுததை நாங்கள் பார்க்கக் கூடாதென்றுதான் கவசத்தோடு இருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

எனவே, கல்லூரிக்குத் தயார்ப்படுத்துவோம் என்று எழுத விரும்பும் உங்கள் குழு உறுப்பினரிடம் சில விவரங்களை எடுத்துச் சொல்லுங்கள். முன்பெல்லாம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கல்லூரிகளுக்கு வாய்மொழி வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூத்தைக் கல்லூரிப் பயிற்சியாளர்களே சகிக்காமல் விதி மாற்றம் கோரினார்கள். 2017 ஏப்ரலில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதற்பிரிவு அதை ஏற்றது: பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் பயிற்சியாளர்கள் மாணவியோடு ஆள்சேர்ப்புப் பேச்சு நடத்தக் கூடாது. அப்படியிருக்க, 11 வயதுச் சிறுமியின் பெற்றோரிடம் கல்லூரியைக் காட்டிக் கட்டணம் வாங்கும் கிளப் எதை விற்கிறது என்று கேட்க வேண்டாமா?

உதவித்தொகைக் கணக்கும் அப்படித்தான். முதற்பிரிவு மகளிர் அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் 12 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகையே உச்சவரம்பாக இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கும் அணிகளில் அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அண்மையில் அந்த ஏற்பாடு மாறிவருகிறது என்றாலும், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. டிராவல் கிளப்புக்கும் ஹோட்டலுக்கும் பெட்ரோலுக்கும் செலவழித்ததை நானும் என் மனைவியும் ஒருநாள் கூட்டிப் பார்த்தோம். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டோம்.

அறிக்கையில் ஓய்வு என்ற சொல்லும் இடம்பெற வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழியும் அபாயம் ஆண்பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். வாரத்தில் ஓரிரு நாளும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் ஒரே விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. இலையுதிர்காலப் பயிற்சிக்கு வராதவளுக்கு வசந்தகால அணியில் இடமில்லை என்று சொல்லும் கிளப், நலம் என்ற சொல்லை அறிக்கையில் எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. கிளப் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது என்றால், வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்குரியது. ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மேற்படாத சிறிய கிளப்புகள் சுருக்கமான மின் அட்டையை மட்டும் அனுப்புகின்றன. அவற்றில் எதுவும் தெரியாது. அத்தகைய கிளப்பாக இருந்தால் நீங்களே வரவு செலவை ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் ஒரு கிளப்பின் உண்மையான நோக்கம் தெரிந்துவிடும்.

---

பதில் 3: கிராண்ட் நதி வாசகி (ஒண்டாரியோ)

மேலே இருவரும் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் இந்த ஆட்டம் யாருடையது என்ற கேள்வியை எவரும் தொடவில்லை.

நான் வசிக்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்தில் கிராண்ட் நதிக்கரையில் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி மக்களின் நிலம் இருக்கிறது. பிறர் இரோக்குவா என்று அழைத்துவந்த அம்மக்கள் தம்மை ஹோடினோஷோனி என்று சொல்லிக்கொள்கிறார்கள். லக்ராஸ் அவர்களுக்குப் படைத்தவன் தந்த ஆட்டம். நோயுற்றவரின் நலனுக்காகவும் ஊரின் நலனுக்காகவும் ஆடப்படும் மருந்து. கனடா 1994இல் சட்டமியற்றி இதைத் தேசியக் கோடைக்கால விளையாட்டாக அறிவித்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரருக்கும் ஆட்டக்காரிக்கும் 2001 முதல் வழங்கப்படும் டெவாராட்டன் விருதின் பெயரும் இவ்வாட்டத்துக்கு அம்மக்களில் ஒரு பிரிவினரான மோஹாக்குகளின் மொழியில் உள்ள சொல்லிலிருந்து வந்ததே.

பெண்கள் ஆட்டத்தின் வரலாறு இன்னும் சுற்றி வளைத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனர்ட்ஸ் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த லூயிசா லம்ஸ்டன் வட அமெரிக்கப் பயணத்தின்போது இந்த ஆட்டத்தைக் கண்டு வியந்தார். 1890இல் அப்பள்ளியில் பெண்களின் முதல் ஆட்டம் நடந்தது. அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926இல் அதை உங்கள் பால்டிமோரின் பிரின் மார் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஆக, உங்கள் மகளின் ஆட்டம் பூர்வகுடிகளிடமிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, பாவாடையும் சீட்டியுமாக மாறித் திரும்பி வந்தது. இதற்கிடையே ஹோடினோஷோனிப் பெண்களின் நிலை வேறு. மரத்தாலான மருந்து மட்டையைப் பெண்கள் தொடுவதில்லை என்ற மரபு அங்கே உண்டு. பெண்கள் அணி தொடங்க முயன்றபோது குலத்தாய்மாரிலேயே சிலர் எதிர்த்தார்கள். அதையெல்லாம் கடந்து 2009இல் அவர்களின் மகளிர் அணி பிராகில் நடந்த உலகக் கோப்பையில் ஆடியது.

லாஸ் ஏஞ்சலஸ் 2028 ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் வடிவில் லக்ராஸ் திரும்புகிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, கிரிக்கெட்டை ஏற்ற அதே அமர்வில்தான் இதையும் ஏற்றது. நம்மவர்கள் கிரிக்கெட் செய்தியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். ஆனால் ஆட்டத்தை உலகுக்குத் தந்தவர்களுக்குத் தனி ஒலிம்பிக் குழு இல்லாததால், அவர்கள் தம் கொடியின் கீழ் ஆடுவதற்கு வழி இருக்குமா என்பது பெரும் விவாதமாக எழுந்தது.

அறிக்கையில் இதற்கு ஒரு வாக்கியம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வெறும் நன்றியுரையாக எழுதினால் அது ஐந்தாவது அலங்காரச் சொல்லாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹோடினோஷோனி ஆட்டக்காரர் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அழைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வரலாறும் சொல்லித்தரச் செய்வோம் என்று எழுதுங்கள். அணிகளுக்கு ‘போர்வீரர்’, ‘இறகுத் தலைவர்’ போன்ற பெயர்களும் இலச்சினைகளும் இருந்தால் முதலில் அவற்றை எடுங்கள்.

---

பதில் 4: முத்து (டெக்சஸ்)

எல்லாரும் அழகாக எழுதிவிட்டீர்கள். நான் சுருக்கமாகவே சொல்கிறேன். என் மகள் ஆடுவது லக்ராஸ் அல்ல, கால்பந்து. ஆயினும் கிளப்புகளின் நடைமுறை ஒன்றே.

அறிக்கையை நான் படிக்கும்போது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுவேன்: தவறு நடந்தால் என் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் நாசர் சிறுமிகளைப் பாலியல் துன்புறுத்தல் செய்த வழக்குக்குப் பிறகு 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டப்படி, விளையாட்டுச் சங்கங்களின் கீழ் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் துன்புறுத்தல் ஐயத்தை 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். பயிற்சியாளரும் பிள்ளையும் பிறர் பார்வை படாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது என்பதும் விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்கும் சேஃப்ஸ்போர்ட் மையத்தின் விதி. குறுஞ்செய்தி அனுப்பினாலும் பெற்றோர் ஒருவரைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். பயிற்சியாளரின் மனைவியே கிளப்பின் புகார் அலுவலராக இருந்ததை எங்கள் ஊரில் பார்த்தோம். அவர் நல்லவர்தான். ஆனால் எந்தப் பிள்ளையும் அவரிடம் போகவில்லை.

---

பதில் 5: வலைப்பை (நியூ ஜெர்சி)

முத்து ஐயா சொன்னதை அறிக்கையின் கடைசியில் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள் சகோதரி.

விட்டுப்போன ஒன்றையும் சேர்க்கிறேன். இந்த ஆட்டம் நெடுங்காலமாக வசதி படைத்த பள்ளிகளின் ஆட்டமாகவே இருந்துவிட்டது. எல்லாருக்கும் வாசல் திறந்திருக்கிறது என்று எழுதினால் போதாது, ஏனென்றால் மட்டை, கண் கவசம், காலணி என்று வாசலிலேயே ஒரு கட்டணம் இருக்கிறது. 2011இல் தொடங்கிய ஹார்லெம் லக்ராஸ் போன்ற அமைப்புகள் அரசுப் பள்ளிக்குள்ளேயே போய் உட்கார்ந்து, பாடத்தையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கவனிக்கின்றன. உங்கள் ஊர்க் கிளப்பால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் முதல் ஆண்டுக்கு மட்டை இரவல் தரலாம். எங்களிடம் பழைய மட்டைகள் நிறைந்த ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது (தொட்டி புதிதாக வாங்கியது, கவலை வேண்டாம்). பெயர் எழுதாமல், கணக்குக் கேட்காமல் எடுத்துப் போகலாம்.

உடையையும் பாருங்கள். பாவாடைதான் மரபு என்று பலர் பிடிவாதமாக இருப்பார்கள். எங்கள் அணியில் தலைத்துணி அணிந்து, நீளமான காற்சட்டையோடு ஆடும் ஒரு சிறுமி இருக்கிறாள். முதல் ஆண்டில் ஒவ்வொரு போட்டித் தொடரிலும் அவள் தாயார் தனியே வந்து என்னிடம் அனுமதி கேட்பார். அரைக்காற்சட்டை, பாவாடை, முழுக்கால் உடை ஆகியவற்றில் எதையும் அணியலாம் என்று உடைப் பட்டியலிலேயே அச்சிட்ட பிறகு அவர் கேட்பதை நிறுத்தினார்.

---

கேள்வி கேட்டவர்: நெய்தல் (மேரிலாந்து)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நிர்வாகக் குழு கூடியது; இரண்டரை மணி நேரம் நீடித்தது. மேன்மை, தலைமைப் பண்பு ஆகிய சொற்களை நீக்குவதற்கு நான் எதிர்பார்த்த எதிர்ப்பு வரவில்லை. பாதி நேர விதிதான் எரிந்தது. ‘அப்படியென்றால் தோற்கத் தயாராக இருக்கிறோம் என்று எழுதுகிறோமா?’ என்று ஒருவர் கேட்டார். ஆமாம், 12 வயதுவரை அதற்குத் தயாராக இருக்கிறோம் என்று தலைவி சொன்னார். அதன்பின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஏற்கப்பட்ட வரைவின் தொடக்கம் இது: ‘எங்கள் கிளப்பில் சேரும் எந்தப் பெண்ணும் அடுத்த ஆண்டும் ஆட விரும்பித் திரும்பி வர வேண்டும். 12 வயதுவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொருத்தியும் பாதி நேரமாவது களத்தில் இருப்பாள். இந்த ஆட்டம் ஹோடினோஷோனி மக்களிடமிருந்து எங்களுக்கு வந்தது. ஆண்டுதோறும் அவர்களில் ஒருவரிடம் அதைக் கற்போம். நடுவரோடு பெற்றோர் எவரும் பேசக் கூடாது.’ புகார் செய்யும் வழியும் வரவு செலவுப் பக்கமும் இதே தாளின் பின்புறத்தில் வரும். புகாரைப் பெறுபவர் எந்தப் பயிற்சியாளருக்கும் உறவினராக இருக்கக் கூடாது என்று சேர்த்திருக்கிறோம். 14 வயதுப் பிரிவுக்கு ஆட்ட நேரம் எவ்வளவு என்பதில் முடிவு எட்டாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம். இரவல் மட்டைக்கு என் மகள் தன் பழைய மட்டையைக் கொடுத்துவிட்டாள்; வலையை மட்டும் புதிதாகக் கட்ட வேண்டும்.

வலைப்பை அவர்களுக்கு ஒரு சந்தேகம். பாதி நேரக் கணக்கில் கோலியை எப்படிச் சேர்ப்பது? எங்களிடம் அந்த இடத்துக்கு விருப்பப்பட்டு வருபவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

---

பதில் 6: வலைப்பை (நியூ ஜெர்சி)

ஒருத்தியோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் பாதியில் அவள் கோலில் நிற்கட்டும், இரண்டாம் பாதியில் களத்தில் ஓடட்டும். மறுபாதிக்கு வாரம் ஒருத்தியாக முறைவைத்துக் கவசத்தை மாட்டிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கோல்கள் நிறையவே விழும். மூன்றாவது வாரம் எவளாவது ஒருத்தி கவசத்தைத் திருப்பித்தர மறுப்பாள். எங்களுக்கு இரண்டாவது கோலி கிடைத்தது அப்படித்தான்.